ஒரே பலகை, இரண்டு விதிகள்: கணினி விளையாட்டுகளில் முதலாளித்துவ விமர்சனம்



'கணினி விளையாட்டுகளின் நன்மை தீமைகள்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வருகிற கட்டுரைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். கண் கெடும், நேரம் வீணாகும், படிப்பு பாழாகும். இன்னொரு பக்கம் மூளை சுறுசுறுப்பாகும், ஆங்கிலம் வளரும். அவ்வளவுதான். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் விளையாட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாவலைப் பற்றி எழுதச் சொன்னால் 'நாவல் படித்தால் கண் வலிக்கும்' என்று எழுதுவோமா? மாட்டோம், இல்லையா?

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்கிறது: முதலாளித்துவத்தை விமர்சிக்கும் விளையாட்டுகள். அவற்றைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா பாட்டி கித்தாக்காட்டில் வேலை செய்தவர்கள். அவர்கள் வாழ்ந்த தோட்டமே இந்தப் பாடத்துக்கு நல்ல பாடநூல்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்துவோம்

முதலாளித்துவம் என்றால் என்ன? நிலம், ஆலை, இயந்திரம், பணம் ஆகிய உற்பத்திச் சாதனங்கள் தனியார் கையில் இருக்கும். அவை இல்லாதவர் தம் உழைப்பைக் கூலிக்கு விற்பார். விளைந்த பொருள் லாபத்துக்காகச் சந்தையில் விற்கப்படும். இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாடுதான் முதலாளித்துவம்.

முதலாளித்துவ விமர்சனம் என்றால் 'பணக்காரர் எல்லாம் கெட்டவர்' என்று திட்டுவது அல்ல. இந்த ஏற்பாட்டில் யாருக்கு எது போய்ச் சேர்கிறது, ஏன் அப்படிச் சேர்கிறது என்று கேட்பது.

மூன்றாவது சொல் 'விதி'. கதைக்கும் விளையாட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். கதை 'இப்படி நடந்தது' என்று சொல்கிறது. விளையாட்டு 'இந்த விதிக்குள் நீயே ஆடிப் பார்' என்று சொல்கிறது. இயான் போகோஸ்ட் என்ற ஆய்வாளர் 2007-இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக விளக்கினார். ஒரு விளையாட்டின் வாதம் வசனத்தில் மட்டும் இல்லை, அதன் விதிகளிலும் இருக்கிறது என்பது அவர் கருத்து. எதற்குப் புள்ளி கிடைக்கிறது, எதற்குத் தண்டனை, எது முடியவே முடியாது என்பவை எல்லாம் ஒரு கருத்தைச் சொல்கின்றன.

ஆகவே எந்த விளையாட்டைப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. சொத்து யார் கையில்?
2. உழைப்பது யார், விளைச்சல் யாருக்குப் போகிறது?
3. விதி பிடிக்காவிட்டால் அதை மாற்ற முடியுமா, குறைந்தது வெளியேறவாவது முடியுமா?

கட்டுரை முழுவதும் இந்த மூன்று கேள்விகள்தான் நமக்குத் துணை.

பலகையில் தொடங்கிய விமர்சனம்

கணினி வருவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. நம் வீடுகளில் 'சாய்தினா' என்ற பெயரில் ஆடுகிறோமே, அதன் மூலம் 'மொனோபொலி'. அந்த மொனோபொலிக்கும் ஒரு மூலம் உண்டு. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் ஆட்டம்' அது. நிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு வாடகை வாங்கியே சிலர் கொழுப்பதையும், மற்றவர்கள் வறுமையில் விழுவதையும் மக்களுக்குக் காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். நில வாடகை பற்றி எழுதிய ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளியல் சிந்தனையாளரைப் பின்பற்றியவர் மேகி.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த ஆட்டத்துக்கு அவர் இரண்டு வகை விதிகளை வகுத்தார். ஒன்றில், மற்றவர்களை ஓட்டாண்டியாக்குபவர் வெற்றி பெறுவார். மற்றொன்றில், செல்வம் பெருகும்போது அதன் பயன் எல்லாருக்கும் போகும். பலகை ஒன்றுதான். விதி மாறினால் முடிவு மாறும்.

1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மொனோபொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது முதல் வகை விதி மட்டுமே உலகம் முழுக்கப் பரவியது. மேகியின் காப்புரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 500 டாலர். ஏகபோகத்தை எச்சரிக்க உருவாக்கப்பட்ட ஆட்டம் ஏகபோகத்தைக் கொண்டாடும் ஆட்டமாக விற்பனையானது.

நம் ஆட்டங்களிலும் இந்தச் சிந்தனைக்கு இடம் இருக்கிறது. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சமமான காய்களோடு தொடங்குவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஒருவரிடம் அதிகம், ஒருவரிடம் குறைவு. குறைவாக உள்ளவரால் தம் குழிகள் எல்லாவற்றையும் நிரப்ப முடியாது. அடுத்த சுற்றில் குறைந்த குழிகளோடு ஆடவேண்டும். முதல் சுற்றில் இழந்தவருக்கு இரண்டாம் சுற்று இன்னும் கடினம். ஆய்வாளர் தொ. பரமசிவன் பல்லாங்குழியைத் தனியுடைமை என்ற எண்ணத்தோடு இணைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஆடு புலி ஆட்டம் வேறு பாடம் சொல்கிறது. புலி 3, ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டால் புலியை வெட்டவே முடியாது. விதியே சமமில்லை. ஆனாலும் ஆடுகள் ஜெயிக்கலாம். எப்படி? இடைவெளி விடாமல் நெருங்கி நின்று, புலி நகர வழியில்லாமல் அடைத்துவிட்டால் போதும். தனியாகப் போன ஆடு செத்தது. இந்தப் பாடத்தைப் பிற்பகுதியில் கெடா வரலாற்றில் மறுபடியும் பார்ப்போம்.

தோட்டத்தை ஓர் ஆட்டமாகப் படிப்போம்

இப்போது பழைய கித்தாத் தோட்டத்தின் 'விதிகளை' எழுதிப் பார்ப்போம். யார் நல்ல தொரை, யார் கெட்ட கிராணி என்பது வேண்டாம். விதி மட்டும்.

முதல் விதி: விடியும் முன்னே பிரட்டு. பெயர் பதிந்தால்தான் அன்றைய கூலி. மழை பெய்து பால் வெட்ட முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. மழையின் நஷ்டம் தொழிலாளி தலையில்.

இரண்டாம் விதி: லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஆகவே, 'பிடிக்கலன்னா வேற வேலைக்குப் போக வேண்டியதுதானே' என்று சொல்வது எளிது, செய்வது எளிதல்ல. வெளியேறுவதற்கான விலை குடும்பத்தின் கூரை.

மூன்றாம் விதி: கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். தம் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அதற்கு ஏற்பக் கங்காணிக்கு வருமானம். காய்ச்சலில் படுத்தவரையும் அவர் எழுப்பத்தான் பார்ப்பார். அது அவருடைய குணத்தைவிட, அவருக்குக் கொடுக்கப்பட்ட புள்ளி முறையின் விளைவு. அரசாங்க உதவியோடு நடந்த ஆள்சேர்ப்பு 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது.

நான்காம் விதி: கூலி வெளியே போகாது. கடையில் கடன், சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பு, மறுநாள் மறுபடியும் கடன். 555 புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்குக் கள்ளுக்கடையும் பக்கத்திலேயே.

ஐந்தாம் விதி: கித்தா விலையைத் தொழிலாளி நிர்ணயிப்பதில்லை. ஆனால் விலை விழுந்தால் அடி அவருக்கும் விழும்.

மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. சொத்து கம்பெனி கையில். உழைப்பு தொழிலாளியுடையது, விளைச்சல் கப்பலேறுகிறது. வெளியேறுவது கடினம். இத்தனைக்கும் இந்தப் பட்டியலில் ஒரு வில்லன்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். விதிகளே போதும்.

நான்கு விளையாட்டுகள்

இனி கணினி விளையாட்டுகளுக்கு வருவோம்.

'ஆட்வோர்ல்ட்: ஏப்ஸ் ஆடிசி' (1997). ஏப் என்பவன் 'ரப்சர் பார்ம்ஸ்' என்ற இறைச்சி ஆலையில் தரை துடைக்கும் அடிமைத் தொழிலாளி. உணவுக்குக் கொல்லப்படும் விலங்குகள் அருகிவிட்டதால், அடுத்த பண்டம் தன் இனத்தாரின் இறைச்சி என்பதை அவன் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறான். உழைப்பை மட்டும் எடுத்த ஆலை கடைசியில் உழைப்பவனையே எடுக்கிறது. இதில் ஏப் கையில் துப்பாக்கி கிடையாது. சக தொழிலாளிகளிடம் பேசி, கூட்டிக்கொண்டு, தப்பிக்க வைக்க வேண்டும். ஆலையில் இருப்பவர்கள் 99 பேர். எத்தனை பேரைக் காப்பாற்றினாய் என்பதை வைத்துத்தான் முடிவு அமைகிறது. தான் மட்டும் ஓடித் தப்பித்தால் நல்ல முடிவு கிடைக்காது. ஆடு புலி ஆட்டத்தின் பாடம் இங்கே வேறு உருவில் வருகிறது.

'தி அவுட்டர் வோர்ல்ட்ஸ்' (2019). தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் இதை ஆடினால் சில நிமிடங்களில் 'இது நம்ம எஸ்டேட்டு மாதிரியே இருக்கே' என்று சொல்லிவிடுவார். தூரத்துக் கோளில் 'எட்ஜ்வாட்டர்' என்ற ஊர். ஊரே ஒரு கம்பெனிக்குச் சொந்தம். வேலை மீன் டின் ஆலையில். வீடு கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. யாருக்கு மருந்து என்பதும் கம்பெனி முடிவு. செத்த பிறகு புதைகுழிக்கும் கட்டணம். அந்தக் கட்டணத்தை வசூலித்துத் தரும்படி விளையாடுபவரிடமே கேட்கிறார்கள். ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் அது கம்பெனி சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாகப் பார்க்கப்படுகிறது. ஏனென்றால் தொழிலாளியும் சொத்துக் கணக்கில் வருகிறார்.

அதன் பிறகுதான் நெருடலான தேர்வு வருகிறது. ஊரை விட்டு ஓடிப்போனவர்கள் தனியாக வாழ்கிறார்கள். மின்சாரம் ஓர் இடத்துக்குத்தான் போகும். கம்பெனி ஊருக்கா, ஓடிப்போனவர்களுக்கா? கம்பெனி ஊரின் மின்சாரத்தைத் துண்டித்தால் கஷ்டப்படப்போவது முதலாளி மட்டும் அல்ல, அங்கே வேலை செய்பவர்களும்தான். 'கெட்ட கம்பெனியை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற சுலபமான விடையை இந்த விளையாட்டு தரவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்களுக்கு இது புரியும்.

'ஸ்டார்டியூ வேலி' (2016). இதை எரிக் பேரோன் என்பவர் தனியாளாக உருவாக்கினார். 'ஜோஜா' என்ற பெரிய நிறுவனத்தில் சலித்துப்போன ஒரு குமாஸ்தா, தாத்தா விட்டுச்சென்ற நிலத்துக்குத் திரும்பி விவசாயம் செய்கிறார். கிராமத்தில் ஜோஜாவின் பேரங்காடி ஒன்று சின்னக் கடைக்குப் போட்டியாக நிற்கிறது. பாழடைந்த சமூக மண்டபத்தைப் பொருள் சேர்த்துப் புதுப்பிக்கலாம். அல்லது ஜோஜாவில் உறுப்பினராகி அதைக் கிடங்காக மாற்றிவிடலாம். இரண்டு பாதையும் திறந்தே இருக்கிறது. மேகியின் இரண்டு விதிகள் உங்கள் நினைவுக்கு வரும்.

ஆனால் இங்கே மாணவர் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, கதை பேராசையை விமர்சித்தாலும் விதி என்ன செய்கிறது? அதிக லாபம் தரும் பயிர் எது, ஒரு நாளில் எத்தனை செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று கணக்குப் போடவைக்கிறது. விளையாடுபவர் தம் பண்ணையிலேயே ஒரு குட்டி ஜோஜா ஆகிவிடுகிறார். இரண்டு, இந்த விடுதலை யாருக்குச் சாத்தியம்? நிலம் விட்டுச்சென்ற தாத்தா இருப்பவருக்கு. நாற்பது வருடம் மரம் வெட்டிய தோட்டத்துத் தாத்தாவிடம் பேரனுக்கு எழுதிவைக்க ஒரு துண்டு நிலம் இருந்ததா? இந்தக் கேள்வியை எழுப்பும் மாணவரின் கட்டுரை தனித்து நிற்கும்.

'போன் ஸ்டோரி' (2011). இத்தாலியைச் சேர்ந்த 'மொல்லேயிந்துஸ்திரியா' குழுவின் சின்ன விளையாட்டு. கைப்பேசி எப்படி நம் கைக்கு வருகிறது என்பதைக் காட்டுகிறது: காங்கோவில் கனிமம் தோண்டும் பிள்ளைகள், ஆலை மாடியிலிருந்து குதிக்கும் தொழிலாளர்கள், புது மாடலுக்கு ஓடும் வாடிக்கையாளர், கடைசியில் மின்கழிவு. விளையாடுபவர் அந்தச் சங்கிலியை நடத்துபவராக ஆகவேண்டும்; பிள்ளைகளை வேலை வாங்கினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். ஆப்பிள் நிறுவனம் வெளியான சில நாட்களிலேயே இதைத் தன் செயலிக் கடையிலிருந்து நீக்கிவிட்டது. கைப்பேசியை விமர்சிக்கும் விளையாட்டுக்குக் கைப்பேசிக் கடையில் இடமில்லாமல் போனது.

ஓர் எச்சரிக்கை, ஆசிரியர்களே: 'அவுட்டர் வோர்ல்ட்ஸ்' பெரியவர்களுக்கான விளையாட்டு. துறைமுக வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்ட 'டிஸ்கோ எலிசியம்' (2019) என்பதும் அப்படியே. பின்னதில் தொழிற்சங்கத் தலைவரே ஊழல்காரராக வருவது விவாதத்துக்கு நல்ல பொருள். ஆனாலும் இவற்றை வகுப்பில் ஆடவைக்காமல் நீங்கள் கதையாகச் சொன்னால் போதும். 'ஸ்டார்டியூ வேலி' மாணவர்களுக்கு ஏற்றது, கைப்பேசியிலும் கிடைக்கிறது.

வைரமும் தோட்டத்துத் தகடும்

'சார், எங்க பிள்ளைங்க இதெல்லாம் ஆடுறதில்ல. மொபைல் லெஜெண்ட்ஸ், பிரீ பயர், ரோப்லோக்ஸ் அவ்வளவுதான்' என்று நீங்கள் சொல்லலாம். சரி, அவற்றுக்கே வருவோம். அவற்றில் முதலாளித்துவ விமர்சனம் இல்லாவிட்டாலும் நம் மூன்று கேள்விகளுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

இந்த விளையாட்டுகளை இறக்கிக்கொள்வது இலவசம். உள்ளே போனதும் 'வைரம்', 'ரோபக்ஸ்' என்று தனி நாணயம். ரிங்கிட்டைக் கொடுத்து வைரம் வாங்கலாம். வாங்கிய வைரத்தை வெளியே எந்தக் கடையிலும் கொடுத்து ஒரு ரொட்டி சானாய் வாங்க முடியாது. வாங்க நினைக்கும் உடை ஒரு விலை, விற்கப்படும் வைரக் கட்டு வேறோர் அளவு. பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். ரிங்கிட்டாகச் செலவழித்தால் கை கூசும். வைரமாகச் செலவழித்தால் கூசாது.

இது புதிய தந்திரமா? இல்லை. வட போர்னியோவிலும் சுமத்திராவிலும் சில தோட்டங்கள் தங்களுக்கென்று சொந்த நாணயத் தகடுகளை வெளியிட்டுத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தன. அந்தத் தகடு அந்தத் தோட்டத்து வட்டத்துக்குள்தான் செல்லும். கூலி கைக்கு வந்தது போலவும் இருக்கும், வெளியே போகாதது போலவும் இருக்கும். தகட்டுக்கும் வைரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: தோட்டத் தொழிலாளி உழைத்ததற்குத் தகடு பெற்றார், நம் பிள்ளை கைக்காசைக் கொடுத்து வைரம் வாங்குகிறார்.

'டாப் அப் பண்ணாதே' என்று ஆயிரம் முறை கண்டிப்பதைவிட, இந்த ஒப்பீட்டை ஒருமுறை பலகையில் எழுதிக் காட்டுவது கூடுதலாக வேலை செய்யலாம். ஒரு விதியை விதியாகப் பார்க்கத் தெரிந்த மாணவரை ஏமாற்றுவது கடினம்.

விதியை மாற்ற முயன்றவர்கள்

இப்போது மூன்றாம் கேள்வி: விதியை மாற்ற முடியுமா? விளையாட்டில் விதியை மாற்றுபவர் நிரலாளர். வாழ்க்கையில்? நம் நாட்டின் வரலாறு பல விடைகளைத் தருகிறது.

கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் ஆர்.எச். நாதன் தலைமையில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: தொரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்க வேண்டும். காசு மட்டும் அல்ல, மானமும் விதிக்குள் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கெடாவில், போருக்குப் பிறகு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. அதன் முதல் குறி கள்ளுக்கடை. ஏன் கள்ளுக்கடை? நான்காம் விதியை மறுபடியும் பாருங்கள். கூலி திரும்பிப் போகும் வாய்க்காலை அடைக்கப் பார்த்தார்கள். இளைஞர்கள் கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947-இன் தொடக்க மாதங்களில் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாரோடு மோதல் மூண்டு உயிர்ச்சேதம் வரை போனது. பதினைந்து ஆடுகளும் ஒன்றாக நின்ற காலம் அது; புலியும் சும்மா இருக்கவில்லை.

அடுத்தது வேறு வழி. 1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கினார்கள். தொழிலாளி நடுத்தெருவில் நிற்கும் நிலை. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைப் பங்குகளாகப் போட்டார்கள். அந்தப் பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். மரம் அதே மரம், மங்கு அதே மங்கு. ஆனால் வெட்டுபவரும் பங்குதாரர். ஒரே பலகையில் இரண்டாம் வகை விதியை ஆடிப் பார்த்த முயற்சி என்று இதைச் சொல்லலாம். இது முதலாளித்துவத்துக்கு மாற்றா, அல்லது தொழிலாளியையும் முதலாளி ஆக்கும் முயற்சியா? கூட்டுறவுத் தோட்டமும் சந்தை விலைக்குத்தானே ரப்பரை விற்க வேண்டும்? விவாதக் கட்டுரைக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது.

சந்தை விலை எவ்வளவு வலிமையானது என்பதை 1974 காட்டியது. ரப்பர் விலை விழுந்து, சாப்பாட்டுச் சாமான் விலை ஏறியபோது பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் திரண்டு எழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. ஆனாலும் ஐந்தாம் விதி அவர்களையும் விடவில்லை. டிசம்பரில் அவர்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் திரண்ட மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். விலை இனம் பார்ப்பதில்லை.

நான்காவது வழி சத்தமில்லாதது. ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 1970-களின் இறுதியில் கெடாவின் மூடா நெல் வட்டாரக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, 1985-இல் 'பலவீனரின் ஆயுதங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். போராட்டம் என்றால் ஊர்வலமும் மறியலும் மட்டும் அல்ல. வேலையை மெதுவாகச் செய்வது, தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது, முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைப்பது, கொஞ்சம் நெல்லை ஒதுக்கிக்கொள்வது எல்லாமே எளியவர்களின் எதிர்ப்புதான் என்று அவர் காட்டினார். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'தொரை முன்னாடி சரிங்க, பின்னாடி நம்ம இஷ்டம்' என்று சிரித்துக்கொண்டே கதை கதையாகச் சொல்வார்கள்.

விளையாட்டு நிறுவனமே விமர்சனம் செய்யலாமா?

இந்த மறுப்பு வகுப்பில் வரும், வர வேண்டும். 'அவுட்டர் வோர்ல்ட்ஸ்' கம்பெனி ஆட்சியைக் கேலி செய்கிறது. ஆனால் அதை உருவாக்கிய ஒப்சிடியனை மைக்ரோசாப்ட் வாங்குவதாக 2018-லேயே அறிவிப்பு வந்துவிட்டது. விமர்சனமும் விற்பனைச் சரக்காகிவிட்டதே? ஆம், ஆகிவிட்டது. மொனோபொலிக்கும் அதுதான் நடந்தது. அதற்காக விமர்சனம் பொய்யாகிவிடாது. ஆனால் போதுமானதும் ஆகிவிடாது. விளையாட்டு நமக்கு விதியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். மாற்றும் வேலையை அது செய்து தராது.

வகுப்பறைக்கு

நடவடிக்கை 1: சாய்தினாவை இரண்டு குழுக்களுக்குக் கொடுங்கள். ஒரு குழு வழக்கமான விதியில் ஆடட்டும். மற்றக் குழு வாடகை முழுவதையும் பொதுப்பெட்டியில் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் சமமாகப் பகிரட்டும். அரை மணி நேரத்தில் நிறுத்தி, இரு பலகைகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். யார் சிரிக்கிறார், யார் எழுந்து போக நினைக்கிறார் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள்.

நடவடிக்கை 2: இரட்டிப்புக் குமிழி வரைபடத்தில் எட்ஜ்வாட்டரையும் பழைய தோட்டத்தையும் ஒப்பிடுக. வேற்றுமைகளையும் கட்டாயம் எழுத வேண்டும். தோட்டத்தில் கோயில் திருவிழா இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, அண்டை வீட்டார் இருந்தார்கள். தோட்டத்து வாழ்க்கை துன்பம் மட்டும் அல்ல. அதை மறந்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

நடவடிக்கை 3: வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தோட்டத்தின் ஐந்து 'விதிகளை'க் கேட்டு எழுதிவருக.

தேர்வு எழுதுவோர் கவனத்துக்கு

அதிகம் காணப்படும் குறைகள் மூன்று. முதலாவது, விளையாட்டின் கதையை மட்டும் சொல்லிவிட்டு விதியை விட்டுவிடுவது. இரண்டாவது, 'முதலாளிகள் கொடியவர்கள்' என்று ஒரே அடியாக அடிப்பது. யார் எதனால் அப்படி நடந்துகொள்கிறார் என்று விளக்குங்கள். மூன்றாவது, எடுத்துக்காட்டு இல்லாத பொதுவான வாக்கியங்கள்.

ஒரு மாதிரிப் பத்தி:

"கணினி விளையாட்டுகள் பொழுதுபோக்கு மட்டுமல்ல, சமூக ஏற்பாடுகளைச் சிந்திக்கவைக்கும் கருவிகளும் ஆகும். சான்றாக, 'ஸ்டார்டியூ வேலி' விளையாட்டில் ஒரு கிராமத்தின் சமூக மண்டபத்தைக் கூட்டு முயற்சியால் புதுப்பிக்கலாம் அல்லது பெருநிறுவனத்தின் கிடங்காக மாற்றலாம். இத்தேர்வு, வளர்ச்சி யாருக்காக என்ற கேள்வியை ஆடுபவர் முன் வைக்கிறது. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைக் கூட்டுறவு முறையில் தொழிலாளர்கள் வாங்கியபோது அவர்கள் எதிர்கொண்டதும் இதே கேள்விதான். எனினும், இவ்விளையாட்டின் நாயகனுக்குத் தாத்தாவின் நிலம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளியோ தம் சேமிப்பைக் கொண்டே நிலத்தை வாங்க வேண்டியிருந்தது."

கருத்து, சான்று, விளக்கம், உள்ளூர் எடுத்துக்காட்டு, மறுப்பு என்று ஐந்து படிகளும் இதில் இருக்கின்றன. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டை மட்டும் உங்கள் ஊருக்கும் நீங்கள் ஆடிய விளையாட்டுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

விவாதத்துக்குச் சில கேள்விகள்:

அ) விதி சமமாக இருந்தால் மட்டும் ஆட்டம் நியாயமானது ஆகிவிடுமா? பல்லாங்குழியைக் கொண்டு விளக்குக.
ஆ) 'தொழிலாளி பங்குதாரர் ஆனால் முதலாளித்துவம் மாறிவிடும்.' இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ எழுதுக.
இ) நீங்கள் ஆடும் ஒரு கைப்பேசி விளையாட்டில், பணம் செலுத்தாதவருக்கு விதி எப்படி மாறுகிறது?
ஈ) செம்பனைத் தோட்டத்தில் இன்று வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நம் மூன்று கேள்விகளைப் பொருத்திப் பாருங்கள். விடை எவ்வளவு மாறியிருக்கிறது?

கடைசிக் கேள்வியைத் தவிர்த்துவிடாதீர்கள். நம் தாத்தா பாட்டி இருந்த இடத்தில் இன்று வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்கள் விதியையும் நாம் படிக்க வேண்டும்.